சாக்கடை ஓரத்துத் தோட்டம்

வீட்டில் மூலிகை வளர்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கொல்லைப்புறத்தில்' என்றுதான் தொடங்குகிறார்கள். பாகூரில் எங்க சேரியில கொல்லைப்புறம் ஏது? ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுச் சுவரை இடிக்கும். பாத்திரம் கழுவுற தண்ணி ஓடும் ஒரு முழச் சந்துதான் எங்க ஆயாவோட தோட்டம்.

செடி வந்தது ஆண்டை வயலிலிருந்து. ஏரித்தண்ணியில் விளையும் நஞ்சையில் ஆயா களையெடுக்கப் போகும். வரப்போரம் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கீழாநெல்லி என்று மண்டிக் கிடக்கும். ஆண்டைக்கு அதெல்லாம் களை. பிடுங்கி எறியத்தான் கூலி. ஆயா வேர் அறாம சேத்தோட மடியில கட்டிக்கிட்டு வரும். சாம்பலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த மண்ணை ஓட்டைக் குடத்தில் போட்டு நடும். அரிசி கழுவின தண்ணி ஊத்தும். கற்பூரவள்ளி, ஆடாதோடை ரெண்டும் கிளை ஒடிச்சு வச்சாலே பிழைச்சுக்கும். தூதுவளை கூரைமேல ஏறிக் கிடக்கும். சேரியில் யாருக்கு இருமல் வந்தாலும் அந்தச் சந்துக்குத்தான் வருவார்கள்.

எனக்குப் பத்து வயசிருக்கும். பொழுது சாய்ந்தபிறகு ஆண்டை வீட்டு ஆள் தெருமுனையில் நின்று கத்தினான்: "ஏ கெழவி, சின்ன ஆண்டைக்குக் காமாலை. கீழாநெல்லி கொண்டா."

ஆயா அம்மியைக் கழுவப் போனது.

"நீ அரைக்காத. செடியப் புடுங்கி அங்க வையி. அங்க அரைச்சுக்குவாங்க."

ஆயா தரையில் வைத்தது. அவன் தண்ணி தெளித்து எடுத்துக்கொண்டான். ஆயா பிடுங்கின செடி ஆகும். ஆயா அரைச்ச மருந்து ஆகாது.

"மோர்ல கலந்து குடுங்க. மூணு நாள்ல தெளியலன்னா ஜிப்மருக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று அவன் முதுகைப் பார்த்து ஆயா கத்தியது.

"ஏன் குடுத்த ஆயா?" என்று அழுதேன்.

"புள்ள இன்னா பண்ணுச்சு கண்ணு?"

பிள்ளை பிழைத்தது. ஆயா பழையபடி களையெடுக்கப் போனது.

1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி இனத்துச் செடியை ஹெபடைடிஸ் பி கிருமிக்குச் சோதித்தது 'லான்செட்' இதழில் வந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாக் காமாலையும் செடிக்கு அடங்காது. ஆயாவின் மூணு நாள் கணக்கு அதைத்தான் சொன்னது.

சித்த வைத்தியம் யாருடைய சொத்து? 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த வைத்தியர். 2005இல் தாம்பரத்தில் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். பண்டிதர் பேராவது பலகையில் ஏறிச்சு. களையெடுத்த பொம்பளைங்க பேரை எந்தப் பலகையில் எழுதினார்கள்? 2020இல் கொரோனா வந்தப்போ கபசுரக் குடிநீருக்கு ஜனங்கள் அலைந்தார்கள். அதில் சேரும் ஆடாதோடையும் கற்பூரவள்ளியும் எங்க சந்தில் நின்றவைதான்.

இப்போது வயலில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். களையெடுக்கிற கூலியும் போச்சு, வரப்பு மருந்தும் போச்சு.

என் வீட்டு வாசலில் நாலு உடைந்த பக்கெட் வைத்திருக்கிறேன். "இலை வரிசைக்கு அடியில பாரு, சின்னச் சின்னக் காயா தொங்கும். அதான் கீழாநெல்லி" என்று மகளுக்குக் காட்டினேன். யார் சொன்னதுன்னு எவராவது கேட்டால், களையெடுத்த என் பூட்டி சொன்னதுன்னு சொல் என்றும் சொல்லியிருக்கிறேன்.