விட்டு வர வேண்டியது யார்?

கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குப் போயிருப்பவர்கள் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். ஆதியாகமம் 2-ம் அதிகாரம், 24-ம் வசனம். தகப்பனையும் தாயையும் விட்டு வந்து, துணையோடு ஒன்றாவதைப் பற்றியது. விட்டு வருவது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெண் இல்லை, ஆண்!

நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். பெண் பெட்டியோடு கிளம்பி வருகிறாள். பையன் அதே கட்டில், அதே அம்மா வைத்த குழம்பு.

என் மகனுக்கு ஜனவரியில் கல்யாணம். கோயிலில் ஓலை வாசித்தாயிற்று. தனிக்குடித்தனம் என்றதும் என் நாத்தனாருக்கு முகம் மாறிவிட்டது. "இருக்கிற ஒரே பிள்ளையையும் விட்டுக் குடுக்கீங்களே மதினி. எல்லாம் வரப்போற மருமக சொல்லிக் குடுத்ததா இருக்கும்."

மருமகள் சொல்லவில்லை, வேதம் சொல்கிறது என்றேன். இத்தனைக்கும் அந்தக் காலத்திலும் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போனாள். ரெபெக்காள் ஒட்டகத்தில் ஏறி ஈசாக்கிடம் வந்த கதை அதே ஆதியாகமத்தில் 24-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் வசனம் ஆணைப் பார்த்துத்தான் பேசுகிறது. அப்படியானால் விஷயம் வீடு மாறுவது மட்டும் இல்லை, மனசில் யாருக்கு முதல் இடம் என்பதுதான். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டே விட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். துபாயில் இருந்துகொண்டு, ஜன்னலுக்குத் திரை வாங்கக்கூட அம்மாவுக்கு போன் போடுகிறவர்களையும் தெரியும்.

"அப்போ பெத்தவங்க கதி?" என்றாள் நாத்தனார். நியாயமான கேள்விதான். பத்துக் கட்டளைகளில் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதும் ஒன்று. அது வெறும் வாய் மரியாதை இல்லை. கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சாக்குச் சொல்லி, பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக் கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-ம் அதிகாரத்தில் இருக்கிறது. என் மாத்திரைச் செலவும் கண் ஆபரேஷனும் இதில் அடக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் அப்பா போன பிறகு எட்டு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜனவரிக்குப் பிறகு ராத்திரி ஒரு தட்டு மட்டும் கழுவ வேண்டியிருக்கும். அதை நினைத்தால் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

பாளையங்கோட்டையில் வீடு பார்த்திருக்கிறான். இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். "சாவி ஒண்ணு நீங்களும் வச்சுக்கங்கம்மா" என்றான்.

வேண்டாம் என்றுவிட்டேன். காலிங் பெல் இருக்கிறதே.