அசையாமல் நிற்கப் பழகுதல்

துப்பாக்கி சுடுதல் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது குறிபார்க்கும் கண்ணும் விசையை அழுத்தும் விரலும்தான். "நின்ற இடத்தில் நின்று சுடுவதற்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று என் வகுப்புத் தோழிகள் இன்றும் கேட்கிறார்கள். இரண்டு வருடங்களாக எயார் றைபிள் பழகிவரும் ஒரு மாணவி என்ற வகையில் அவர்களுக்கும், இதை வாசிக்கும் பெற்றோருக்கும் நான் அறிந்ததைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் போட்டியில் இலக்கு 10 மீற்றர் தூரத்தில் இருக்கும். அதன் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பொட்டு. நாம் சுடும் ஈயச் சன்னத்தின் விட்டமோ 4.5 மில்லிமீற்றர். றைபிள் 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம். அதைத் தாங்கியபடி 75 நிமிடங்களுக்குள் 60 தடவை சுட வேண்டும். இயல்பொத்த முக்கோணிகளைக் கணிதத்தில் படித்தவர்களுக்கு இதன் கடினம் உடனே விளங்கும். குறிகாட்டி ஒரு மில்லிமீற்றர் விலகினால், இலக்கில் அது ஒரு சென்றிமீற்றருக்கும் அதிகமான விலகலாகிவிடும். இலக்கின் வளையங்களுக்கு இடையிலான தூரம் 2.5 மில்லிமீற்றர்தான்!

எனவே முதலில் பழகுவது சுடுவதற்கு அல்ல, நிற்பதற்கு. என் முதல் ஐந்து வாரங்களில் ஒரு சன்னம்கூடச் சுடவில்லை. இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, றைபிளின் பாரத்தை எலும்புகளின் வழியே பாதங்களுக்கு இறக்க வேண்டும். தசை களைத்து நடுங்கும், எலும்பு நடுங்காது. இலக்குக்கு நேராக நின்றபின் கண்களை மூடி, உடலைத் தளர்த்தி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். றைபிள் விலகி நின்றால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. பாதங்களைச் சிறிது நகர்த்தியே திருத்த வேண்டும். கையால் இழுத்த றைபிள் விசையை அழுத்தும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று எங்கள் மிஸ் அடிக்கடி சொல்வார்.

அடுத்தது மூச்சும் இதயமும். மூச்சை வெளியே விட்டதும் இயல்பாக வரும் சிறிய ஓய்வில் சுட வேண்டும். அந்த ஓய்வு ஏழெட்டுச் செக்கன்களுக்கு மேல் நீண்டால் பார்வை மங்கும், உடல் ஆடத் தொடங்கும். அப்போது சுடாமல் றைபிளை இறக்கிவிட வேண்டும். இதயத் துடிப்பு றைபிளின் முனைவரை தெரியும். ஆகவே துடிப்பு நிதானமாக இருப்பதற்காக வாரத்தில் மூன்று நாட்கள் சுபஹுத் தொழுகைக்குப் பின் வாப்பாவோடு வேகமாக நடக்கிறேன். வயிற்றுக்கும் முதுகுக்கும் பலம் தர முழங்கைகளை ஊன்றி ஒரு நிமிடம் உடலைப் பலகைபோல நிறுத்துகிறேன். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பேன். தம்பி அதைக் கொக்குத் தவம் என்று கேலி செய்வான்.

சன்னம் இல்லாமல் விசையை அழுத்திப் பழகுவதும் பயிற்சியில் பெரும்பங்கு. சத்தமும் புள்ளியும் இல்லாதபோதுதான் விரல் செய்யும் பிழை கண்ணுக்குத் தெரியும். சுட்ட பின்னும் இரண்டு செக்கன்கள் அப்படியே நிற்க வேண்டும். முதல் போட்டியில் 600க்கு 498 புள்ளிகள் பெற்றேன். சென்ற தவணையில் 556. அந்த 58 புள்ளிகளில் பெரும்பகுதி இந்தச் சத்தமில்லாத பயிற்சியில் கிடைத்ததென்றே நம்புகிறேன்.

ஓடியும் குனிந்தும் திரும்பியும் சுடும் இன்னொரு வகைப் போட்டியும் உலகில் உண்டு. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அதற்கான சர்வதேச அமைப்பு உருவானது. அங்கே பெற்ற புள்ளிகளை எடுத்த நேரத்தால் வகுத்துத் தரம் காண்கிறார்கள். வேகமாகச் சுட்டுத் தவறவிட்டாலும் பயனில்லை. துல்லியமாகச் சுட்டுத் தாமதித்தாலும் பயனில்லை. அப்போட்டியிலும் துப்பாக்கியின் முனை அனுமதித்த எல்லையைத் தாண்டித் திரும்பினால், எத்தனை புள்ளி பெற்றவராயினும் உடனே வெளியேற்றப்படுவார். துப்பாக்கி விளையாட்டு எந்த வகையாயினும் பாதுகாப்புக்குப் பிறகுதான் திறமை.

இந்த ஒழுங்குதான் எங்கள் வீட்டில் ஒரு பெரிய கதவைத் திறந்தது. என் உம்மா வடக்கில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் துவக்கோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னபோது அவருக்கு ஏழு வயது. உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர். எங்கள் வீட்டில் விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கியதில்லை. பெருநாளைக்குத் தம்பி கேட்டு அழுதபோதும் வாங்கவில்லை. நான் சம்மதப் படிவத்தை நீட்டியதும் உம்மா அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "உனக்கு வேற விளையாட்டே கிடைக்கேல்லையா மகள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய பயம் கற்பனையல்ல என்பது எனக்குத் தெரியும்.

வாப்பா அவரை வற்புறுத்தவில்லை. "ஒருநாள் போய்ப் பாருங்க, பிறகு உங்கட முடிவு" என்றார். உம்மா ஒரு சனிக்கிழமை வந்து பின்வரிசைக் கதிரையில் அமர்ந்திருந்தார். 'நிறுத்து' என்ற கட்டளை கேட்டதும் அத்தனை பிள்ளைகளும் றைபிளைக் கீழே வைத்து, உள்ளே சன்னம் இல்லை என்று காட்டும் நிறக்கொடியைச் செருகி, கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மிஸ் ஒவ்வொன்றையும் பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா சொன்னார்: "துவக்கை நீட்டினதைத்தான் நான் கண்டிருக்கிறன். கீழ வைச்சதை இண்டைக்குத்தான் காணுறன்." அன்றிரவு படிவத்தில் கையொப்பமிட்டார். இன்றும் அவர் றைபிளைத் தொடுவதில்லை. நான் சுடும்போது வெளியே மரநிழலில் தஸ்பீஹோடு இருப்பார். அது அவருக்கு எவ்வளவு கடினம் என்று அறிந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன்.

பெண்களுக்கு இவ்விளையாட்டின் வாசல் தாமதமாகவே திறந்தது. ஒலிம்பிக்கில் 1984இல்தான் பெண்களுக்கென எயார் றைபிள் போட்டி வந்தது. ஆண்களைப் போல் 60 தடவை சுடும் முறை பெண்களுக்கு 2018இல் வந்தது. அதற்கு முன் 40 மட்டுமே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாகச் சுட்டார். அதே போட்டியில் கட்டார் நாட்டின் பஹியா அல் ஹமத் ஹிஜாபோடு சுட்டார். நம் நாட்டின் டெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் பங்கேற்றார். எனக்கு ஹிஜாப் தடையாக இருந்ததில்லை. கன்னம் எப்போதும் றைபிளின் ஒரே இடத்தில் படிய வேண்டும் என்பதால், துணி நழுவாமல் இறுக்கமாகக் குத்திக்கொள்ளப் பழகினேன், அவ்வளவுதான். ரமழானில் தடித்த பயிற்சி அங்கியை அணிவதில்லை. நிற்கவும் மூச்சுக்கும் மட்டும் இலேசாகப் பழகுகிறேன்.

உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது விளையாட்டை விடச் சொல்பவர்கள் பலர். நேரம் குறைவு என்பது உண்மைதான். அதனால் சனிக்கிழமைக் காலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டேன். போட்டியில் 23ஆவது சூட்டில் எட்டுப் புள்ளி வந்தால், அதை மறந்து 24ஆவதற்கு நிற்க வேண்டும். கடினமான வினாவொன்றை விட்டு அடுத்ததற்குப் போவதும் அப்படித்தான்.

அன்பான பெற்றோரே, பிள்ளை கேட்பது உங்களுக்கு அச்சம் தருவதாக இருந்தால் மறுக்கும் முன் ஒருநாள் வந்து பாருங்கள். தோழியரே, உங்கள் பெற்றோர் அஞ்சினால் அந்த அச்சத்தின் கதையை முதலில் கேளுங்கள். என் உம்மா புத்தளத்துக்கு வந்த கதையை முழுவதுமாக எனக்குச் சொன்னது அந்தப் படிவத்தில் கையொப்பமிட்ட இரவில்தான்.