புள்ளி தெரியவேண்டும்

என்னுடைய கணினி 2008ஆம் ஆண்டுக்காரன். கோர் 2 டியோ புரொசசர், 4 ஜிபி நினைவகம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், வேலைத்தலத்தில் கழித்துவிட்டபோது இருபது டொலருக்கு எடுத்துவந்த சதுர மொனிற்றர். வீட்டுக் கணக்கெழுத, பழைய பாட்டுக் கேட்க இது தாராளம். சண்டை விமானம் ஓட்டவும் போதும் என்று நான் சொன்னபோது தங்கையின் மகன் சிரித்தான்.

“மாமா, டிசிஎஸ் இதில ஓடாது. ஓடினாலும் சிலைட் ஷோ மாதிரித்தான் இருக்கும்.”

அவன் சொன்னது சரி. போர் விமான சிமுலேற்றர்களில் இன்றைய மாப்பிள்ளை டிசிஎஸ் வேர்ல்ட்தான். அடிப்படைப் பதிப்பை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் டிஸ்க் இடம், நினைவகம், கிராபிக்ஸ் கார்ட் என்று அந்த மாப்பிள்ளை கேட்கிற சீதனம் என் பெட்டியிடம் இல்லை.

பழைய கணினிக்கு விளையாட்டுத் தேடுகிறவர்கள் முதலில் படத்தின் அழகைப் பார்க்கிறார்கள். நான் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். நல்ல சிமுலேற்றர் ஒவ்வொரு கணமும் செட்டையின் சாய்வு, வேகம், எரிபொருளின் எடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, வானத்தில் நிற்கிற மற்ற விமானங்களுக்கும். இந்தக் கணக்கு நன்றாக இருந்தால், மரங்கள் கடதாசி வெட்டி நட்டதுபோல இருந்தாலும் அளவுக்கு மிஞ்சித் திருப்பினால் விமானம் கையை விட்டுப்போய்ச் சுழன்று விழும். விழும்போது வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்துக்குப் புதுக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை.

ஆகவே பின்னோக்கிப் போனேன். 1998 ஒரு அபூர்வமான வருடம். ஐரோப்பியன் எயர் வோர், மைக்ரோசொஃப்ற்றின் முதலாவது கொம்பாற் பிளைற் சிமுலேற்றர், ஃபால்கன் 4.0 எல்லாம் அந்த ஒரு வருடத்தில் வந்தவை. ஃபால்கனோடு ஐந்நூறு பக்கத்துக்கு மேல் கையேடு வந்தது. கொரியத் தீபகற்பத்தில் ஒரு போர், நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதன்பாட்டில் நடந்துகொண்டிருக்கும். உங்களைச் சுற்றியிருக்கிற வட்டத்துக்குள் மட்டும் ஒவ்வொரு வாகனமும் தனித்தனியாக இயங்கும். அதற்கு வெளியே படையணிகள் வெறும் எண்களாக மோதிக்கொள்ளும். அன்றைய கணினிகளில் ஒரு முழுப்போரை அடக்க அவர்கள் கண்ட வழி அது. 2000இல் அதன் மூலநிரல் கசிந்தது. ரசிகர்கள் அதில் கைவைத்துக் கட்டியெழுப்பியதன் தொடர்ச்சிதான் இன்றைய ஃபால்கன் பிஎம்எஸ். அதன் புதிய பதிப்புகளும் இப்போது சீதனம் கேட்கத் தொடங்கிவிட்டன.

நான் ஃபால்கனை எடுக்காததற்குக் காரணம் அதுமட்டுமல்ல. எஃப்-16இல் எதிரி ரேடார் திரையில் ஒரு குறி. காணாத ஒருவனைச் சுட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். எனக்குக் கண்ணால் தேடவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்ட காலம். ஆனால் ஆகாயம் இருந்தது. பொம்பர் வந்தால் பெரியவர்கள் சத்தத்தை வைத்துத் திசை சொல்வார்கள், சிறுவர்கள் நாங்கள் புள்ளியைக் கண்டுபிடிப்போம். புள்ளி நேராகப் போனால் நிற்கலாம். சரிந்தால் பங்கருக்குள் ஓடவேண்டும். எனக்குக் கண் கூர்மை என்று அம்மம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா.

இப்படித்தான் ஐஎல்-2 ஸ்ரேர்மோவிக்கில் வந்து நின்றேன். ஒலெக் மடொக்ஸின் குழு ரஷ்யாவில் உருவாக்கி 2001இல் வந்தது. எல்லாத் தொடர்ச்சிகளையும் சேர்த்து 2006இல் ‘1946’ என்ற பெயரில் ஒரே கட்டாக வெளியிட்டார்கள். ஓட்டக்கூடிய விமானங்கள் மட்டும் இருநூறுக்கு மேல். அதன் நிரலில் கணிசமான பகுதி ஜாவாவில் எழுதப்பட்டது. வேலை ஏறக்குறைய முழுவதும் புரொசசரின் ஒரே கருவில் நடக்கும், மற்றது சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் எத்தனை கரு என்று கேட்பதைவிட ஒரு கரு எவ்வளவு வேகம் என்று கேட்பது நல்லது.

சோதிக்க ஒரு வழி உண்டு. ‘பிளாக் டெத்’ என்ற பதிவுசெய்த காட்சியை ஓடவிட்டு, ஒரு நொடிக்கு எத்தனை சட்டகம் என்று பாருங்கள். எனக்குச் சராசரி 40, புகை மண்டும் இடத்தில் 22. குறைந்தால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், பிறகு காட்டை. ஜோய்ஸ்ரிக் பழசு வாங்கலாம், யூஎஸ்பி முனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 15 ஊசிப் பழைய முனையைச் செருக இப்போதைய பெட்டிகளில் இடமில்லை.

இன்னொன்று, இது பணமில்லாதவனுக்குக் கிடைத்த வரம். தூரத்து விமானத்தை இந்த விளையாட்டு ஒரு புள்ளியாகக் காட்டும். 1024க்கு 768 என்ற என் சதுரத் திரையில் அந்தப் புள்ளி பெரிசாகத் தெரியும். மருமகனின் அகன்ற திரையில் அது தூசிபோலக் கரைந்துவிடும். ஒருநாள் பக்கத்தில் இருந்து, “மாமா, எங்க? எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஐஎல்-2 என்பது தரையைத் தாக்கப் பிறந்த சோவியத் விமானம். ஏறக்குறைய 36,000 செய்தார்கள். விமானி கவசத் தொட்டிக்குள் இருப்பான், பின்னால் சுடுகிறவனுக்குப் பிற்பாடுதான் இடம் வைத்தார்கள், அந்தக் கவசம் அவனுக்கு இல்லை. விளையாட்டின் பெயரே அதுதான் என்பதால் அதிலும் பறந்தேன். மரங்களின் உயரத்தில் போய் ஒரு லொறித் தொடரைச் சுட்டேன். லொறி நின்றது. ஆட்கள் குதித்து ஓடினார்கள். பிறகு குப்புறப் படுத்தார்கள்.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படுக்கச் சொல்லித் தந்தார்கள். நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்திக்கொண்டு.

அந்த லொறிகளில் வந்தவர்கள் யார், அந்த மண்ணில் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் படுக்கிற விதம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

“அது வெறும் பொலிகன் மாமா.”

“தெரியும் அப்பன்.”

உடனடிச் சண்டையைத் தயார்செய்யும் பக்கத்தில் இலக்கு என்றொரு இடம் உண்டு. கவச வாகனம், பாலம், விமானத்தளம் என்று தெரிவுகள் வரும். நான் அதை ‘ஒன்றுமில்லை’ என்றே விட்டுவிடுகிறேன். கிரிமியா வரைபடம், எனக்கு ஒரு யாக்-1, எதிரே எட்டு ஹெயின்கல் 111 குண்டுவீச்சு விமானங்கள். எட்டும் கிட்ட வந்து சுடத் தொடங்கும்போது சட்டகம் 22க்கு இறங்கும். அது போதும். அவை புள்ளியாக இருக்கும்போதே நான் கண்டுவிடுவேன்.