வாழி பாடாத கதைகள்

நெடிய கதையொன்றைப் படித்து முடித்தவரின் மனநிலைக்குத் தமிழில் தனிப்பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் அழுகை, உவகை, பெருமிதம் ஆகிய மூன்றும் ஒருசேர வந்து நிற்கும் நிலை இது. இவற்றோடு சற்று வெகுளியும் உண்டு. இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு இப்படி நடுவழியில் விட்டுச் செல்லலாமா என்று ஆசிரியர்மேல் எழும் வெகுளி அது.

இம்மனநிலை இன்று நேற்று வந்ததன்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்றபோது வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை. கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். கடல்கடந்த நாடுகளிலும் இதே கதைதான். 1997இல் தொடங்கி 2007இல் ஏழாம் நூலோடு முடிந்த ஹாரி பாட்டர் வரிசையைப் பத்து வயதில் கையிலெடுத்த பிள்ளை, இருபது வயதில் அதன் கடைசிப் பக்கத்தை மூடியது. உடன் மூடியது அதன் பிள்ளைப்பருவமும்தான்.

நமக்கு அணுக்கமான சான்று நம் நாஞ்சில் மண்ணிலேயே இருக்கிறது. நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன், 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020 ஜூலையில் நிறைவுசெய்த 'வெண்முரசு' அது. 'முதற்கனல்' தொடங்கி 'முதலாவிண்' வரை 26 நாவல்கள். 20,000 பக்கங்களுக்கு மேல். நாளொன்றுக்கு 20 பக்கமெனப் படித்தாலும் ஏறத்தாழ மூன்றாண்டு பிடிக்கும். நாகருலகும் வேள்வித்தீயும் நிறைந்த இந்தப் பாரத மறுஆக்கத்தை மிகுபுனைவு என்பதா, காவியம் என்பதா என்னும் வாதத்துக்குள் நாம் இங்குப் புகவில்லை. இதைப் படித்து முடித்த ஒரு மாணவியைப் பற்றியே சொல்ல வந்தோம்.

இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு பயில்பவள். தக்கலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வருபவள். குறுந்தொகை நடத்துகையில்தான் அவளது வாசிப்பு நமக்குத் தெரியவந்தது. கல்பொரு சிறுநுரையார் என்னும் பெயர், அப்புலவர் பாடிய உவமையாலேயே அமைந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தோம். பாறையில் மோதி மெல்ல மெல்ல இல்லாமற்போகும் நுரையை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் அவள் வந்து, "சார், வெண்முரசுல இருபத்தஞ்சாவது நாவலுக்கு இதுதான் பேரு" என்றாள். செல்பேசியில், பேருந்தில் போகவர, முதலாமாண்டு முதல் படித்துவருகிறாளாம்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள், "முடிச்சாச்சு சார்" என்றாள். முகத்தில் மலர்ச்சி இல்லை.

"முடிச்சிருக்கப்பிடாதுன்னு தோணுது. வேற எதைத் தொட்டாலும் படிக்க ஓடல்ல. இந்த மூணு வருசத்துல நூறு புக்கு படிச்சிருக்கலாமேன்னும் இருக்கு."

பாரதத்தின் முடிவு யாவரும் அறிந்ததே. கர்ணன் வீழ்வான், துவாரகை அழியும், ஐவரும் துறந்து செல்வர். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இத்தனை துயரம் என்று கேட்டோம். "அம்மைட்ட இன்னும் சொல்லல்ல சார்" என்றாள்.

அதன்பின் விவரம் வந்தது. தாய் முந்திரி ஆலையில் பருப்புத் தோல் நீக்கும் வேலை செய்பவர். இரவு அடுக்களையில் மகள் அன்றன்று படித்ததைச் சொல்வாள். அவர் கஞ்சி வைத்தபடி கேட்பார். அம்பையின் கதையை மூன்று இரவு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாராம். வீட்டில் இருப்பவர் இவர்கள் இருவரே. தேர்வு முடிந்ததும் மகள் மேற்படிப்புக்குக் கோவை செல்ல இருக்கிறாள்.

கதையை முடிப்பது எப்படி என்று நம் ஊருக்கு ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர் அறிவர். காப்பில் தொடங்கி, குருவடி பாடி, வருபொருள் உரைத்து, நாட்டுவளம் கூறி, கதைக்குள் செல்வார்கள். கதையில் கொலை விழும். சிந்திய குருதியிலிருந்து தெய்வம் எழும். ஆனால் அத்தோடு யாரும் எழுந்து போவதில்லை. இறுதியில் வாழி பாடுவார்கள். தெய்வத்தையும் ஊரையும் கேட்டிருந்தவரையும் வாழ்த்தி, கதைக்குள் போனவரைக் கைப்பிடித்து வீட்டுவாசலில் கொண்டுவிடும் சடங்கு அது. அடுத்த கொடைக்கு அதே கதை மீண்டும் வரும் என்னும் உறுதியும் அதில் உண்டு.

அச்சு நூலுக்கு வாழி இல்லை. கடைசிப் பக்கத்தில் வாசகன் தனித்து விடப்படுகிறான். கல்கியின் முடிவுரையை ஒருவகையில் வாழிப்பாட்டு என்றே நாம் கொள்வோம். நம் மாணவியின் நிலையோ இன்னும் சிக்கலானது. படித்தவள் என்ற அளவில் அவள் அந்தத் தனிமையை அடைந்துவிட்டாள். சொல்பவள் என்ற அளவில் அவளுக்குக் கதை முடியவில்லை. முடிக்க மனமும் இல்லை. நூறு புத்தகம் படித்திருக்கலாம் என்று சொன்னாளே, அந்த நூறும் அடுக்களை வரை வந்திருக்குமா என்று நாம் கேட்டதற்கு அவள் விடை சொல்லவில்லை.

வாழி பாடுவதைப் பற்றி அவளிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் செய்துகொண்டிருப்பது வேறு. தாய்க்கு இப்போது 'இருட்கனி' நடக்கிறது. இன்னும் ஐந்து நாவல்கள் இருக்கின்றன. முன்பு ஓர் இரவில் சொன்ன அளவை இப்போது மூன்று இரவுக்குப் பகுத்துச் சொல்கிறாளாம். கர்ணன் களத்துக்கு வந்து நெடுநாளாயிற்று, இன்னும் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையவில்லை.

"அம்மைக்கு மனசிலாயிட்டுதுன்னு நினைக்கேன் சார். ஆனா, சட்டுன்னு சொல்லுன்னு ஒருநாளும் கேக்கல்ல" என்றாள்.