வெயிலோடு வரும் கருவி

ஞாயிறு

ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் வைஃபை மெதுவாகிவிட்டது என்று மகள் சொன்னாள். உலாவியில் 192.168.1.1 என்று தட்டி, ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். கைப்பேசிகள், டிவி, மடிக்கணினி, வாசல் கேமராவின் பதிவுப்பெட்டி எல்லாம் பட்டியலில் இருந்தன. கடைசி வரியில் பெயரே இல்லாமல் ஒரு கருவி.

"பக்கத்துத் தோட்டத்துப் பையன் பாஸ்வேர்டு கேட்டு வாங்குனானே கண்ணு, அவனா இருக்குமோ?" என்றார் அம்மா. தெரியாமல் ஒரு பிள்ளையின் பெயரை இழுக்க வேண்டாம் என்றேன். தோட்டத்து வீடுகளில் அக்கம்பக்கம்தான் ஆதரவு. ஒரு சந்தேகத்தால் அது கெட்டுப்போகக் கூடாது.

பாஸ்வேர்டை மாற்றினால் அந்தக் கருவி துண்டிக்கப்பட்டுவிடும். ஆனால் அது என்ன என்று தெரியாமலே போய்விடும். தெரிந்துகொண்ட பிறகு மாற்றலாம் என்று விட்டேன்.

திங்கள்

நெட்வொர்க்கில் சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி என்று, எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்க எண் உண்டு. முதல் 6 இலக்கங்களை ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்குகிறது. அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். லாரியில் டிஎன் 28 என்றால் நாமக்கல், 34 என்றால் திருச்செங்கோடு என்று நாம் படிப்பது போலத்தான். பதிவான இடம் தெரியும், ஓட்டுபவர் யாரென்று தெரியாது.

இப்போதைய கைப்பேசிகள் இதிலும் முகம் காட்டுவதில்லை. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) தொடங்கி அவை தாமே உருவாக்கிய எண்ணைத் தருகின்றன. அப்படிப்பட்ட எண்ணில் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். நம் விருந்தாளியின் எண் 24, 6எஃப், 28 என்று தொடங்குகிறது. இரண்டாவது இலக்கம் 4. ஆகவே இது ஆலையிலேயே கொடுத்த எண்.

பதிவேட்டில் தேடினால் ஷாங்காயின் எஸ்பிரஸிஃப் நிறுவனம் என்று வருகிறது. அவர்கள் சிப் செய்பவர்கள். வைஃபை பல்பு, ஸ்மார்ட் பிளக், கோழிப்பண்ணைக் கொட்டகையில் வெப்பம் அளக்கும் பெட்டி என்று எதற்குள்ளும் அந்தச் சிப் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனின் கைப்பேசி இல்லை என்பது மட்டும் ஏறக்குறைய உறுதி. அதை அம்மாவிடம் முதலில் சொன்னேன்.

புதன்

இரவில் பார்த்தால் அந்த வரி இல்லை. விடிந்து சற்று நேரத்தில் வந்துவிடுகிறது, அந்தி சாயும்போது போய்விடுகிறது. இன்று காலை மூட்டமாக இருந்தது. அதுவும் தாமதமாகவே வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "பொழுது கெளம்பினா எந்திரிச்சு, பொழுது விழுந்தா படுத்துக்கறது நம்மூட்டுல சோலார் ஒண்ணுதான்" என்றார்.

வெள்ளி

மாடிப்படி அறையில் சோலார் இன்வெர்ட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி செருகியிருக்கிறது, நுனியில் பச்சை விளக்கு மினுக்குகிறது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருந்த எண்ணும் ரவுட்டர் காட்டிய எண்ணும் ஒன்றே.

உறுதி செய்ய, முதலில் ஏசி பிரேக்கரையும் பிறகு டிசி ஸ்விட்சையும் அணைத்தேன். பச்சை விளக்கு அணைந்தது; சற்று நேரத்தில் பட்டியலிலிருந்து அந்த வரியும் போனது. குச்சிக்குத் தனி மின்சாரம் கிடையாது, இன்வெர்ட்டரிடமிருந்துதான் வாங்குகிறது. பேட்டரி இல்லாத எங்கள் இன்வெர்ட்டர் பேனலில் வெயில் படாவிட்டால் உறங்கிவிடும். இரவில் அது காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

சனி

சோலார் போட்டவருக்குப் போன் செய்தேன். "எத்தனை யூனிட் ஓடுதுன்னு ஆப்ல பார்க்கத்தானுங்க மாட்டியிருக்குது" என்றார். நல்ல வசதிதான். ஆனால் குச்சி தானும் ஒரு வைஃபையைப் பரப்புகிறது. அதன் பாஸ்வேர்டு ஆலையில் வைத்த எண்களாகவே கிடந்தது.

இதைச் சிறிய விஷயமாக நினைக்க முடியவில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் சுமார் 60 ஆலைப் பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே கேமராக்கள், பதிவுப்பெட்டிகள், ரவுட்டர்கள் என லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த அக்டோபர் 21-இல் அவற்றின் படையெடுப்பால் இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் அமெரிக்காவின் டைன் நிறுவனம் திணற, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குக் கிடைக்கவில்லை. நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் சைபர் ஸ்வச்சதா கேந்திராவைத் தொடங்கியதும் இப்படி வசப்பட்ட கருவிகளைக் கண்டறிந்து சுத்தம் செய்யத்தான்.

குச்சியின் பாஸ்வேர்டையும் கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். இரண்டையும் ரவுட்டரின் விருந்தினர் நெட்வொர்க்குக்கு நகர்த்தினேன். வங்கிக் கணக்கைத் திறக்கும் கைப்பேசியோடு அவை ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டியதில்லை.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. மாடிக்கு மாடி பேனல்கள் ஏறுகின்றன. பல வீடுகளில் இப்படி ஒரு குச்சியும் கூடவே வருகிறது. கருவியை மாட்டுகிறவர் அதன் பெயர், மேக் முகவரி, பாஸ்வேர்டு, தகவல் எங்கே போகிறது என்ற நான்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிய பிறகே மீதிப் பணத்தைத் தர வேண்டும். கருவிக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அது வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளவும் உரிமை உண்டு.