கட்டாய விடுப்பு

மூன்று வாரம் ஓடுவது, நான்காவது வாரம் ஓய்வு. ஏற்பாடு இவ்வளவுதான். முதல் மூன்று வாரங்களில் தூரம் சிறிது சிறிதாக ஏறும். நான்காவது வாரம் பாதிக்கு இறங்கிவிடும். மெரினாவில் எங்களுக்கு ஓட்டம் சொல்லித்தரும் மாஸ்டர், ஒரு காலத்தில் ரயில்வேக்காக ஓடியவர், இதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்கு நான்காவது வாரத்துக்கு எதிரே பாதித் தூரம். எனக்கு மட்டும் சுழி. "இந்த வாரம் உங்கள பீச்ல பாக்கக் கூடாது சார்" என்றார். சார் என்பது நான் வங்கியில் வேலை பார்ப்பதற்காக. குரலில் மரியாதை அதிகம் இல்லை.

காரணம் இருந்தது. சென்ற ஆண்டு வலது காலின் முன்னெலும்பில் ஒரு வலி கண்டது. முதலில் ஓடி முடித்த பிறகு, பிறகு ஓடும்போது, கடைசியில் படியேறும்போதுகூட. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் மயிரிழை போல் ஒரு விரிசல். எட்டு வாரம் ஓட முடியாமல் கிடந்தபோது எலும்பைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். (ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு எதையும் படித்தே தீர்த்துவிடலாம் என்றொரு மயக்கம் கடைசிவரை போவதில்லை.) எலும்பு என்றால் கல் மாதிரி ஒரு ஜட வஸ்து என்று நினைத்திருந்தேன். அது ஓயாமல் தன்னைத் தின்று தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டத்தின் அதிர்வில் நுண்ணிய சேதம் விழுந்த இடத்தை ஒருவகைச் செல்கள் வந்து அரித்தெடுக்கின்றன. பிறகு வேறுவகைச் செல்கள் அந்தக் குழியை நிரப்புகின்றன. அரிப்பதற்கு ஏறத்தாழ 3 வாரம். நிரப்புவதற்கு ஏறத்தாழ 3 மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பிருந்ததைவிட பலவீனமானது. தசையும் மூச்சும் அதற்குள் தேறிவிடுகின்றன. ஆகவே, இதுவரை இவ்வளவு நன்றாக ஓடியதேயில்லை என்று ஒருவன் நினைத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில்தான் எலும்பு விரிசல் காண்கிறது.

அறிவு இதை ஒப்புக்கொண்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. காயம்பட்டுக் கிடப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, விசாரிக்க வருகிறார்கள். ஒரு குறையுமில்லாத காலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது வேறு விஷயம்.

ஓய்வின் பெருமையைச் சொல்ல எல்லோரும் எமில் ஸாடபெக்கின் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். 1950 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியப் போட்டிகள். அதற்கு முன் உணவு விஷமாகி ஏறத்தாழ இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து போய் 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தள்ளி ஜெயித்தார். 5,000 மீட்டரையும் ஜெயித்தார். படுத்ததால் ஜெயித்தார் என்பது வியாக்கியானம். எனக்கு இது நம் இலக்கிய வரலாற்றுக் கதைகளின் ஜாதியைச் சேர்ந்ததாகவே படுகிறது. வறுமைதான் கவிஞனை ஆக்கியது என்பார்கள். வறுமையில் கிடந்து கவிஞனாகாத லட்சம் பேரைப் பற்றிப் பேச்சிருக்காது. ஒரே நாளில் 400 மீட்டரை ஐம்பது, அறுபது தடவை ஓடிப் பழகிய மனிதர் ஸாடபெக். அந்தக் கட்டில் அவ்வளவு ஓட்டத்துக்கும் பிறகு வந்த கட்டில். பத்து வருஷமாக ஒரு வரி எழுதாமல் இருப்பதையே மௌனமென்றும் தவமென்றும் சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஓய்வு வாரத்தைப் புரியவைத்தது ஸாடபெக் அல்ல, ரிசர்வ் வங்கி. 2021-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. நுட்பமான பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்களை ஆண்டுக்கொரு முறை, ஒரே தவணையாக, 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அந்த நாட்களில் வேலை சம்பந்தமான எதையும் அவர் தொடக் கூடாது, அலுவலக மின்னஞ்சலைத் தவிர. கருணையால் விளைந்த ஏற்பாடு அல்ல இது. மோசடிக்குத் தினசரிப் பராமரிப்பு வேண்டும். இன்றைக்குப் புரட்டிய தொகையை நாளைக்கு ஒருவன் வந்து மூடியாக வேண்டும். அவனைப் பத்து நாள் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டால் கணக்கு தானே வாயைத் திறக்கும். முப்பது வருஷம் லீவே போடாதவர் என்று பிரிவுபசாரக் கூட்டங்களில் மாலை போட்டுப் புகழ்ந்தவர்களையெல்லாம் இப்போது திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நகைக்கடன் பிரிவில் இருந்தபோது எனக்கும் அந்த விடுப்பு வந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்டுபிடித்தவை இரண்டு. இழுப்பறையில் பாதியில் நின்ற புத்தக மதிப்புரைகள். நான் இல்லாதபோது வரிசை வேகமாக நகர்ந்தது.

சுழி போட்ட வாரத்தின் முதல் நாள், திங்கட்கிழமை, வழக்கம்போல் நாலே முக்காலுக்கு விழிப்பு வந்தது. மற்ற நாட்களில் அந்நேரம் இருட்டில் ஷூவைத் தேடி எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, திருவல்லிக்கேணித் தெருக்களைக் கடந்து உழைப்பாளர் சிலைக்குப் போய்விடுவேன். அங்கிருந்து கலங்கரை விளக்கம், மறுபடி சிலை. ஐந்து கி.மீ.க்குச் சற்று மேல். ராய் சௌத்ரியின் அந்த நான்கு மனிதர்களும் 1959-லிருந்து பாறையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாறை புரண்டபின் அவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பதை யாரும் சிலையாக வடிக்கப்போவதில்லை. அப்பாவுக்கு அந்தச் சிலை மிகவும் பிடிக்கும். அச்சகத்தில் கம்பாஸிட்டராக இருந்தவர். ஆயுத பூஜையன்று எழுத்துப் பெட்டிகளுக்குக் குங்குமம் வைத்து மூடும் ஒரு நாள்தான் அவர் விரல்களுக்கு விடுப்பு. மூன்று வருஷங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் விளக்குப் போடும் சத்தம். வாளி. அப்பாவின் முனகல். பிறகு கட்டில் கிறீச்சிட, அம்மா மூச்சை இழுத்துப் பிடித்து விடும் ஒலி. சற்று நின்று மறுபடியும் அதே ஒலி. ஓட்டக்காரனுக்கு அந்த மூச்சு நன்றாகத் தெரியும். ஆறரைக்கு நான் வியர்வையோடு திரும்பும்போது அப்பா உலர்ந்த விரிப்பில் துடைத்த முகத்தோடு இருப்பார், காபி தயாராக இருக்கும். வீடு அப்படித்தான் விடிகிறது என்று மூன்று வருஷம் இருந்திருக்கிறேன்.

எழுந்து போனேன்.

"நீ போலயா?"

"இந்த வாரம் இல்லம்மா."

"கால் திரும்ப வலிக்குதா?"

"இல்ல. ரெஸ்ட்."

அம்மா ஒரு கணம் பார்த்தாள். "சரி, அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்க யத்தனித்தபோது அப்பா வலியில் கத்திவிட்டார். மாதம் 200 கி.மீ. ஓடும் உடம்பு அது. அம்மா என்னை விலக்கிவிட்டு, அவர் இடுப்புக்கடியில் நாலாக மடித்துப் போட்டிருந்த பழைய வேட்டியைக் காட்டினாள். அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உடம்பு தானாக உருண்டு வருகிறது. அவளாகவே கண்டுபிடித்தது. இழுத்தபோது அவள் வலது மணிக்கட்டில் துணிக்கட்டு தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே இருக்கே" என்றாள்.

அப்போது பிப்ரவரி நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் ஏழு நாளும் வேட்டியின் அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். புதன்கிழமைக்குள் அப்பா கத்துவதை நிறுத்திவிட்டார். வியாழனன்று என் தோள்பட்டையில், ஓட்டத்தில் ஒருநாளும் வலிக்காத ஓர் இடத்தில், வலி கண்டது.

அடுத்த திங்கட்கிழமை நான் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழாகப் பத்து நிமிடம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் ஓடி முடித்து மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டு சார்."

"இனிமே இந்த நேரந்தான் மாஸ்டர்."

காரணம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "அப்ப வெயிலுக்குத் தூரத்தக் கொறைக்கணும்" என்று சொல்லி, தாளை என்னிடமிருந்து வாங்கிச் சிலையின் பீடத்தின் மேல் வைத்துத் திருத்த ஆரம்பித்தார்.