சூர்யாவும் கொழுந்துத் தராசும்

அப்புத்தளையில் பனி என்றால் மூடுபனிதான். மலைமுகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊருக்கு அது இரண்டு பக்கமிருந்தும் ஏறி வரும். காலையில் கடைத்தெருவை மறைக்கும். மதியத்துக்குள் ஒன்றும் நடவாததுபோல் இறங்கிப் போய்விடும். உறைந்த பனியை நான் சிறுவயதில் கண்டது ஐஸ்பழக்காரரின் பெட்டிக்குள் மட்டுமே. அப்படிப்பட்ட ஊரில், லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன், ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்து வருகிறான் என்றால் நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். கிரிக்கெட்டைப் பற்றி எழுது என்பார்கள். இன்று அவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெயர். 1993இல் பேராதனையில் கலைப்பட்டம் முடித்துக்கொண்டு கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்தேன். புதியவன் என்பதால் வெளிநாட்டு விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படி வந்த ஒரு செய்தியில்தான் சூர்யா பொனாலி என்ற பெயரைப் படித்தேன். பிரான்ஸ் நாட்டு வீராங்கனை, கறுப்பு நிறம், பிறந்தது ரீயூனியன் தீவில் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது. எங்கள் முன்னோர் இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த அதே 19ஆம் நூற்றாண்டில், ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். பெயரோ சூர்யா. நம் பிள்ளைதான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு தவறு. அவர் பிறந்தது 1973இல், பிரான்சின் நீஸ் நகரில். கைக்குழந்தையாக இருந்தபோது வெள்ளையினத் தம்பதியர் ஒருவர் தத்தெடுத்து, சூர்யா வருணா என்று பெயரிட்டார்கள். ரீயூனியன் கதை, செய்தியாளர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று அவருடைய ஆரம்பகாலப் பயிற்சியாளர் திதியே கையாகே கட்டிவிட்டது. இதையெல்லாம் நான் அறிந்தபோது காலம் கடந்திருந்தது. ஒரு பிள்ளையை நம் பிள்ளை என்று எண்ணிப் பதைத்த பிறகு, பிறப்புப் பத்திரத்தைக் காட்டி மனதைத் திருப்ப முடியுமா?

அந்தப் பதைப்புக்கு முதல் காரணம் 1994 மார்ச்சில் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலகச் சம்பியன் போட்டி. 1991 முதல் 1995 வரை ஐந்து முறை தொடர்ந்து ஐரோப்பியச் சம்பியனாக இருந்தவர் சூர்யா. உலகப் பட்டம் மட்டும் கிட்டவில்லை. சிபாவில் ஒன்பது நடுவர்களில் ஐவர் ஜப்பானின் யூகா சாட்டோவையும் நால்வர் சூர்யாவையும் முன்வைத்தார்கள். ஒரே ஒரு நடுவரின் எண்ணத்தில் தங்கம் போயிற்று. பதக்க மேடையில் ஏற மறுத்து அவர் பக்கத்தில் நின்றார். அணிவித்த வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றினார். அரங்கம் கூச்சலிட்டது. சில நாட்களின் பின் அலுவலகத் தொலைக்காட்சியில் அந்த அழுத முகத்தைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது ஜப்பானும் அல்ல, பிரான்சும் அல்ல. எங்கள் தோட்டத்துக் கொழுந்துத் தராசு.

மலையக வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கழிவு, கூடைக்கென்று ஒரு கழிவு. முற்றிய இலை கலந்திருந்தால் அதற்கும் ஒரு பேச்சு. கழிவு போக மிஞ்சியது குறித்த அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். அதாவது பாதிநாள் சம்பளம். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் வாயிலிருந்து வருவது. பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோகும் நான் தராசின் முள்ளையே பார்த்து நிற்பேன். அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை. "ஏம்மா பாக்க மாட்டேங்கிற?" என்று ஒருமுறை கேட்டேன். "பாத்தா மட்டும் கூடிருமா?" என்றார்.

பனிச்சறுக்கு நடனத்திலும் அந்நாளில் இரண்டு கணக்குகள் இருந்தன. தொழில்நுட்பத்துக்கு ஒன்று, கலைநயத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் உச்சம் 6.0. முதலாவது, பறித்த கொழுந்தைப்போல் கண்ணால் காணக்கூடியது. இரண்டாவது, ஈரக்கழிவைப்போல் நடுவரின் மனத்துக்குள் இருப்பது. சூர்யாவின் பாய்ச்சல்களை யாராலும் மறுக்க முடியவில்லை. நளினம் போதாது என்றார்கள். அவருடைய நிறமும் கட்டுமஸ்தான உடலும் அந்தத் தீர்ப்பில் எவ்வளவு கலந்திருந்தன என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

ரசிகன் என்பதற்காக நான் நியாயத்தை மறைக்கக் கூடாது. ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய பின், சாட்டோவின் கால்கள் பனியின் மேல் ஓசையின்றி வளைந்து செல்லும் அழகு எனக்கும் புரிந்தது. சூர்யாவுக்கு அந்த வழுக்கம் கைவரவில்லை. 1992 அல்பேர்வில் ஒலிம்பிக்கில் பெண்கள் எவரும் துணியாத நாற்சுழல் பாய்ச்சலை அவர் முயன்றார், சுழற்சி முழுமையாகவில்லை. சிபாவில் நான் நடுவராக இருந்திருந்தால் யாருக்கு வாக்களித்திருப்பேன் என்று இன்று என்னைக் கேட்டால் தயங்குவேன். அந்தத் தயக்கம் எனக்கே வலிக்கிறது.

ஆனால் 1998 பெப்ரவரி 20ஆம் திகதியைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. நாகானோ ஒலிம்பிக். அலுவலகத்தில் பக்கங்களை முடித்துக்கொண்டிருந்த மாலைநேரம். 1996இல் குதிகால் நரம்பு அறுந்து மீண்டு வந்த சூர்யாவுக்கு அன்று பதக்கம் எட்டாது என்பது தெரிந்துபோயிற்று. திடீரென்று அவர் பின்புறமாகத் தலைகீழாகப் பாய்ந்து, ஒற்றைக்காலில், சறுக்குக் கத்தியின் ஒரே அலகில் வந்து இறங்கினார். அமெரிக்காவின் டெரி குபிக்கா 1976 ஒலிம்பிக்கில் செய்து காட்டியபின் தடைசெய்யப்பட்ட பாய்ச்சல் அது. ஆபத்து என்பது ஒரு காரணம். ஒற்றைக்காலில் இறங்குவதே முறை, இதிலோ இரண்டு கால்களும் ஊன்றப்படுகின்றன என்பது இன்னொரு காரணம். ஒற்றைக்காலில் இறங்கிக் காட்டி இரண்டாவது காரணத்தைச் சூர்யா இல்லாமலாக்கினார். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, மக்களைப் பார்த்து வணங்கினார். பத்தாமிடம். நான் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்துப் பக்க வடிவமைப்பாளர் பயந்துபோனார்.

பிறகு நடந்தவை வரலாறு. 2002இல் சோல்ட் லேக் ஒலிம்பிக்கில் நடுவர் ஊழல் வெடித்தது. பிரெஞ்சு நடுவர் ஒருவரோடு மூன்றாண்டுத் தடைக்குள்ளானவர், அப்போது பிரெஞ்சுச் சம்மேளனத் தலைவராயிருந்த அதே கையாகே. 2004இல் 6.0 முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் தனி மதிப்பு கொடுக்கும் முறை வந்தது. 2024இல் அந்தப் பின்பாய்ச்சல் மீதான தடையும் நீங்கியது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் இப்போது மின்னணுத் தராசு வந்துவிட்டது. முள் இல்லை, எண்கள் ஒளிர்கின்றன. கழிவு மட்டும் இருக்கிறது.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வெளியே மூடுபனி இறங்கியிருந்ததால் திண்ணையில் உட்கார முடியவில்லை. அடுப்படியில் வைத்து, கைப்பேசியில் நாகானோக் காட்சியைக் காட்டினேன். கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"விழுகலையே. பொறகு எதுக்குக் கழிச்சாங்க?"

"அப்படிப் பாயக் கூடாதுன்னு சட்டம்மா."

"அது அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவ போடு, பாப்போம்."

மூன்று தடவை பார்த்தோம்.